தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேசலாமா? கிறிஸ்தவக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருமண்டலக் கிறிஸ்தவக் கல்விக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புக்கென்று இந்த ஆண்டு நீங்கள் அனுப்பிய கையேட்டின் ஏழாம் பாடத்தை எங்களால் நடத்த முடியாது. "கடவுள் இருக்கிறார்: அறிவியல் தரும் 11 ஆதாரங்கள்" என்று அதற்குத் தலைப்பு. பதினொன்றில் ஆறு, நடக்காத சம்பவம் அல்லது தப்பான தகவல். மீதி ஐந்துக்குள் நல்ல வாதங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் உடைந்துபோகிற அளவுக்கு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்தப் பாடத்துக்குத் தேர்வில் 20 மதிப்பெண் வேறு. கூடவே வந்த சுற்றறிக்கை, "அவிசுவாசமான கேள்வி கேட்கும் பிள்ளைகளை வகுப்பில் பேசவிடாமல் ஆயரிடம் தனியே அனுப்பவும்" என்கிறது. பாடமும் சுற்றறிக்கையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. பாடம் இப்படி இருந்தால் கேள்விக்குத் தடை போட்டுத்தான் ஆகவேண்டும்.

முதல் ஆதாரத்தை எடுத்துக்கொள்கிறோம். நாத்திகப் பேராசிரியர் ஒருவர், "எல்லாவற்றையும் படைத்தவர் தீமையையும் படைத்தாரா?" என்று வகுப்பை மடக்குகிறார். ஒரு மாணவன் எழுந்து, குளிர் என்று ஒன்று கிடையாது, வெப்பம் இல்லாமைதான் குளிர். இருள் என்று ஒன்று கிடையாது, ஒளி இல்லாமைதான் இருள். தீமையும் அப்படியே என்று பதில் சொல்கிறான். அந்த மாணவன்தான் ஐன்ஸ்டீன் என்று பாடம் முடிகிறது. இப்படியொன்று ஐன்ஸ்டீன் வாழ்க்கையில் நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. இருக்கிற பதிவுகள் வேறு சொல்கின்றன. தாம் நம்புவது இயற்கையின் ஒழுங்கில் வெளிப்படுவதாகத் தத்துவ அறிஞர் ஸ்பினோசா சொன்ன கடவுளை, மனிதரின் விதியிலும் செயலிலும் அக்கறை காட்டும் கடவுளை அல்ல என்று 1929இல் ஒரு யூத ரபிக்குத் தந்தி கொடுத்தார். 1954 ஜனவரியில் தத்துவ அறிஞர் எரிக் குட்கிண்டுக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் என்ற சொல் மனித பலவீனங்களின் விளைவு என்ற அளவுக்கே போனார். ஆசிரியர் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் ஒரு பிள்ளை போனில் தேடிக் கண்டுபிடித்துவிடும். பிறகு அந்த ஆசிரியர் இயேசு உயிர்த்தெழுந்த வெற்றுக் கல்லறையைப் பற்றிப் பேசினால் அது எப்படி எடுபடும்?

இதில் பெரிய நஷ்டம் வேறு. தீமை என்பது தனிப்பொருள் அல்ல, இருக்கவேண்டிய நன்மையின் குறைவு என்ற சிந்தனை நம் சொந்தச் சொத்து. ஹிப்போவின் பேராயர் அகஸ்டின், நன்மையும் தீமையும் இரண்டு ஆதி சக்திகள் என்ற மனிக்கேயருடைய போதனையிலிருந்து வெளியே வந்ததே அதைப் பிடித்துக்கொண்டுதான். அதை அவர் பெயரில் சொல்ல வெட்கப்பட்டு, மீசை வைத்த விஞ்ஞானி ஒருவரின் பெயரில் ஏன் சொல்லவேண்டும்? அந்த வாதத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டும். பல்வலியோடு இருப்பவரிடம் "வலி என்று ஒன்று கிடையாது, சுகம் இல்லாமைதான் வலி" என்று சொல்லிப் பாருங்கள். தீமையைக் கடவுள் ஒரு பொருளாகப் படைக்கவில்லை என்பது வரைக்கும்தான் அகஸ்டின் கூட வருவார். ஏன் அனுமதித்தார் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, நாசா கணினியில் ஒரு நாள் காணாமல் போன கதை. விண்வெளிப் பயணத்துக்காக விஞ்ஞானிகள் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்களாம், ஒரு நாள் குறைந்ததாம். சூரியன் நின்றதாகச் சொல்லும் யோசுவா 10இல் 23 மணி 20 நிமிடமும், நிழல் பின்னால் போன எசேக்கியா ராஜாவின் சூரியக் கடிகாரத்தில் 40 நிமிடமும் கிடைத்துக் கணக்கு நேரானதாம். இது 1970 வாக்கில் அமெரிக்காவில் ஹரோல்டு ஹில் என்பவர் பரப்பியது. 1890இலேயே டாட்டன் என்பவர் கணினி இல்லாமல் இதே கணக்கைப் போட்டிருக்கிறார். பிறகு ஒட்டியதுதான் நாசா. கதை பொய் என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் இது நடக்கவே முடியாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கணினி பின்னோக்கிப் போவது இன்றைய கோள் நிலைகளையும் இயக்க விதிகளையும் வைத்துக்கொண்டு. நடுவில் ஒரு நாள் கூடியதா குறைந்ததா என்று பார்க்க, யோசுவாவுக்கு முந்திய காலத்தில் இன்ன நேரத்தில் சூரியன் இன்ன இடத்தில் இருந்தது என்ற தனிப் பதிவு ஒன்று வேண்டும். ஒத்துப்பார்க்க ஒன்றும் இல்லாதபோது எது "குறைந்தது"? யோசுவா 10ஐ நம்புகிறவருக்கு நாசாவின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

டார்வின் மரணப்படுக்கையில் மனம் திரும்பினார் என்பது மூன்றாவது. அவர் இறந்தது 1882இல். லேடி ஹோப் என்பவரின் இந்தச் சாட்சி அச்சில் வந்தது 1915இல், பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில். தந்தையின் படுக்கை அருகே இருந்த மகள் ஹென்ரியெட்டா, அந்த அம்மையார் கடைசி நோயின்போது அங்கே வரவேயில்லை என்று 1922இல் எழுதினார். உண்மையாகவே அவர் மனம் திரும்பியிருந்தாலும் அதனால் கடவுள் இருப்பது கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

நான்காவது: "பூமி சூரியனுக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் போனாலும் எரிந்துவிடும், ஓர் அங்குலம் விலகினாலும் உறைந்துவிடும்." இதை அச்சுக்கு அனுப்பும் முன் உங்கள் பள்ளிகளில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர் யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.71 கோடி கிலோமீட்டரிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.21 கோடி கிலோமீட்டரிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் 50 லட்சம் கிலோமீட்டர் கூடிக் குறைகிறது. மணியடிக்கக் கோயில் கோபுரத்தில் ஏறுகிறவரே பல நூறு அங்குலம் மேலே போகிறார். இதுவரை யாரும் கருகவில்லை.

"கடவுள் துகள்" கண்டுபிடிக்கப்பட்டதால் கடவுள் கண்டுபிடிக்கப்பட்டார் என்கிறது ஐந்தாவது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் இயற்பியல் ஆய்வகம் அறிவித்தது ஹிக்ஸ் போசான் என்ற துகளை. அந்தச் செல்லப்பெயர், இயற்பியலாளர் லெடர்மன் 1993இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. அந்தத் துகளை முன்கூட்டியே கணித்த பீட்டர் ஹிக்ஸுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை, அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவராகவும் இருக்கவில்லை. உடம்பின் செல்களைப் பிடித்து வைக்கும் லாமினின் என்ற புரதம் சிலுவை வடிவில் இருக்கிறது என்பது ஆறாவது. பாடநூல் வரைபடத்தில் சிலுவைதான். நுண்ணோக்கியில் அது வளைந்தும் நெளிந்தும் பல கோலத்தில் கிடக்கும். எல்லாம் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்ற கொலோசெயர் 1:17ஐ ஒரு புரதத்தின் தலையில் ஏற்ற வேண்டாம்.

நல்ல நோக்கத்தோடு சொல்வதுதானே என்று குழுவில் சிலர் நினைக்கலாம். இதே நல்ல நோக்கத்தைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகஸ்டின் ஆதியாகம விளக்கத்தில் எச்சரித்துவிட்டார். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி நன்றாகத் தெரிந்த அவிசுவாசி ஒருவன், வேதத்தைக் காட்டி ஒரு கிறிஸ்தவன் அதே விஷயத்தில் உளறுவதைக் கேட்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்டார். எட்டு நூற்றாண்டு கழித்து இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும், விசுவாசத்தை நிரூபிக்கப் போகிறேன் என்று வலுவில்லாத நியாயங்களைக் கொண்டுவந்தால் அது அவிசுவாசிகள் சிரிப்பதற்கு இடம் கொடுக்கும் என்றார். இவர்கள் இருவருக்கும் முன்னால் யோபு, தம் நண்பர்களைப் பார்த்துக் கேட்டது: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" (13:7). இந்த வசனம் உங்கள் கையேட்டில் எங்கும் இல்லை.

இனி மீதி ஐந்து வாதங்கள். ஏழாவது ஆதாரம் இரண்டே வரி: "எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஆகவே உலகத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அவரே கடவுள்." எந்த வகுப்பிலும் அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான்: அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்? நாத்திகத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸல் 1927இல் லண்டனில் ஆற்றிய பேருரையில் இந்த வாதத்தைத் தள்ளியதும் இதே கேள்வியால்தான். இதற்கு உங்கள் விடைக்குறிப்பு, "அப்படிக் கேட்பது பாவம்" என்கிறது. பாவம் கேள்வியில் இல்லை, தப்பு முதல் வரியில் இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று அக்வினாஸ் சொல்லவில்லை, 11ஆம் நூற்றாண்டில் இந்த வாதத்தைக் கூராக்கிய இஸ்லாமிய அறிஞர் அல்-கஸாலியும் சொல்லவில்லை. "இருக்கத் தொடங்கிய எதற்கும் காரணம் உண்டு" என்பது கஸாலி வழி. "தன் இருப்பை வேறொன்றிடமிருந்து பெறுகிற எதற்கும் காரணம் உண்டு" என்பது அக்வினாஸ் வழி. இந்த ஒரு திருத்தத்திலேயே பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தொடங்காத ஒன்றை, எதையும் பெற்றுக்கொள்ளாத ஒன்றை, யார் படைத்தார் என்று கேட்க இடமே இல்லை.

இதைச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது எளிது. மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஒரு மேசை விளக்கும் போதும், ஐந்து நிமிட வேலை. விளக்கை முதல் பாக்ஸில் சொருகுங்கள், அந்தப் பாக்ஸை இரண்டாவதில், இரண்டாவதை மூன்றாவதில். விளக்கு எரியாது. இன்னும் பத்து பாக்ஸ் வாங்கினால் எரியுமா என்று கேளுங்கள். ஆயிரம்? முடிவே இல்லாமல் நீண்டால்? எத்தனை நீண்டாலும், வாங்கிக் கொடுக்கிறவை மட்டுமே வரிசையில் இருந்தால் கொடுப்பதற்கு ஒன்றும் வராது. கடைசிப் பாக்ஸின் பிளக்கை அதன் துவாரத்திலேயே சொருகிப் பார்க்கலாமா என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். சொருகிக் காட்டுங்கள், தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்ளும் உலகம் அதுதான். பிறகு மூன்றாவதைச் சுவரில் சொருகுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். "சுவருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, கூடங்குளத்திலிருந்துதானே?" என்பார்கள். சரிதான், சுவரும் வாங்கிக் கொடுப்பதுதான். உவமை அதோடு நிற்கிறது, வாதம் நிற்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று, இதைக் காலத்தில் பின்னோக்கிப் போகிற வரிசையாக எடுத்துக்கொள்வது. தாத்தா இறந்த பிறகும் பேரன் இருக்கிறான். ஆனால் மெயினை அணைத்த அந்தக் கணமே விளக்கும் போய்விடும். அக்வினாஸ் பேசுவது இந்த இரண்டாவது வகை: கோலைத் தள்ளும் கை, கல்லைத் தள்ளும் கோல், இந்த நொடியில் எல்லாம் சேர்ந்து. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் ஏற்பது என்றே அவர் எழுதினார். ஆகவே அண்டம் என்றென்றும் இருந்தது என்று நாளை யாராவது நிரூபித்தாலும் இந்த வாதம் அசையாது.

நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் இயேசு சபைக் குரு காப்பிள்ஸ்டனோடு வாதாடிய ரஸல், அண்டம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். விளக்கமே தேவையில்லை என்று ஒருவர் நிற்பாரானால் அவரை எந்த வாதத்தாலும் நகர்த்த முடியாது. ஆனால் அறிவியலில் வேறெங்கும் அப்படி நிறுத்துவதில்லையே, இங்கே மட்டும் ஏன் நிறுத்துகிறோம் என்று திருப்பிக் கேட்கலாம். இந்த வாதம் கொண்டுபோய் விடுகிற இடம், தன் இருப்பை யாரிடமும் பெறாமல் இருக்கிற ஒன்று. அதற்குத் திரித்துவமும் சிலுவையும் இன்னும் தெரியாது. ஆனாலும் "இருக்கிறவராக இருக்கிறேன்" (யாத்திராகமம் 3:14) என்ற வசனத்தை அன்று வாசித்தால், பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். அக்வினாஸும் கடவுள் இருப்பதற்குத் தாம் சொன்ன ஐந்து வழிகளுக்கு முன்னால் வைத்த வசனம் அதுதான்.

எட்டாவது ஆதாரம் பெருவெடிப்பு. அது ஆதியாகமம் 1:1க்கு நிரூபணம் என்கிறீர்கள். அதே கையேட்டின் மூன்றாம் பாடத்தில் பெருவெடிப்பு "நாத்திக விஞ்ஞானிகளின் கற்பனை" என்று அச்சாகியிருக்கிறது. இரண்டையும் ஒருவரே வாசித்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலும், ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931இலும் எழுதிய ஜார்ஜ் லெமெட்ர் ஒரு பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு. "பெருவெடிப்பு" என்ற பெயரை வைத்தவரோ அதை ஏற்காத வானியலாளர் ஃபிரெட் ஹாயில். போப் 12ஆம் பியுஸ் 1951 நவம்பரில் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமெட்ர்தான். தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்று 1958இலும் சொன்னார். காரணம் எளிது: அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். அதன்மேல் கடவுளைக் கட்டினால், திருத்தம் வருகிற நாளில் கடவுளும் ஆடுவார்.

கடிகாரம் இருந்தால் கடிகாரக்காரர் இருக்கவேண்டும் என்ற ஒன்பதாவதும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. வில்லியம் பேலி அதை எழுதியது 1802இல். கண்ணைப் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக உருவாகும் வழி ஒன்றை 1859இல் டார்வின் காட்டியதும், அந்த உவமையின்மேல் மட்டும் நின்றவர்களுக்குக் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அதற்கு முன் நியூட்டனுக்கும் இதே கதி. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ஒழுங்கு குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்கிறார் என்று அவர் எண்ணினார். வியாழன், சனி ஆகியவற்றின் பிசகு மாறி மாறித் திரும்ப வருவதுதான் என்று 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார். தெரியாத இடத்திலெல்லாம் கடவுளை வைத்தால், தெரியத் தெரிய அவரை நகர்த்திக்கொண்டே போகவேண்டும். நாசிகளின் டெகல் சிறையிலிருந்து 1944 மே மாதம் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் எழுதியது இதைத்தான்: நமக்குத் தெரியாததில் அல்ல, தெரிந்ததில் கடவுளைக் காணவேண்டும்.

ஒழுங்கைப் பற்றிப் பேசவே கூடாதா என்றால், பேசலாம். அந்த அங்குலக் கதைக்குப் பதிலாக கார்பனைப் பற்றிப் பேசுங்கள். நட்சத்திரத்துக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பன் ஆகவேண்டும். சாதாரணமாகப் பார்த்தால் அது மிகக் குறைவாகத்தான் நடக்கும். நம் உடம்பில் இத்தனை கார்பன் இருக்கவேண்டுமானால் கார்பன் கருவுக்குச் சுமார் 76.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆகவேண்டும் என்று 1953இல் ஹாயில் கணித்தார். இயற்பியலாளர் ஃபௌலரின் கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் தேடினார்கள், இருந்தது. நம்பிக்கையாளர் அல்லாத ஹாயிலே, ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்திருக்கிறது என்று பின்னாளில் எழுதினார். இதோடு எதிர்வாதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எண்ணற்ற அண்டங்கள் இருந்தால் ஒன்றில் இப்படி அமைவது அதிசயமில்லை, இந்த மதிப்புகள் வேறாக இருந்திருக்க முடியுமா என்பதே தெரியாது. இது சுட்டிக்காட்டும் விரல், பூட்டிய நிரூபணம் அல்ல என்று சொல்கிற ஆசிரியரைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

உலகத்தில் எல்லா மக்களும் ஏதாவது ஒரு தெய்வத்தை வணங்குவதால் கடவுள் உண்டு என்பது பத்தாவது. ஒரு காலத்தில் எல்லாரும் சூரியன் பூமியைச் சுற்றுவதாகவும் நினைத்தார்கள். இதை விட்டுவிடலாம். சில ஆயர்கள் இதோடு சேர்த்துச் சொல்லும் "கடந்தும் உள்ளும் இருப்பதால் கடவுள்" என்ற சொற்பிரிப்பையும்தான்; காதுக்கு இனிமை, ஆனால் பெயர் இருப்பதால் ஆள் இருப்பதாகாது.

பதினொன்றாவது, மனச்சாட்சி. "கடவுளை நம்பாதவன் ஒழுக்கமாக வாழ முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். லஞ்சம் வாங்காத கறுப்புச் சட்டைக்கார மாமா ஒருவர் ஏதாவது ஒரு பிள்ளையின் வீட்டில் இருப்பார். நம் கோயில் கணக்கில் கைவைத்தவர்களும் அதே பிள்ளைக்குத் தெரியும். பாடம் அங்கேயே செத்துவிடும். ரோமர் 2:15 சொல்வது வேறு: நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதியிருக்கிறது. நாத்திகர் நல்லவராக இருப்பது நம் வாதத்துக்கு எதிரி அல்ல, அதுதான் வாதமே. ஒரு குழந்தையைச் சித்திரவதை செய்வது, உலகமே சரி என்று வாக்களித்தாலும் தப்பு என்று அவரும் சொல்கிறார். அந்த "தப்பு" எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அவரால் நல்லவராக இருக்க முடியுமா என்பது கேள்வியே அல்ல.

நாத்திகர்களைப் பற்றிப் பாடத்தின் முகப்பில் சங்கீதம் 14:1ஐ மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்." ஊருக்கு ஊர் பெரியார் சிலையின் பீடத்தில் "கடவுள் இல்லை, இல்லவே இல்லை" என்று வாசித்து வளரும் பிள்ளைகள் இவர்கள். பீடத்தில் முட்டாள் என்று எழுதியிருக்கிறது, பதிலுக்கு நாமும் மதிகேடன் என்கிறோம் என்றால் அது வாதம் அல்ல, தெருச்சண்டை. எபிரெயத்தில் அங்கே உள்ள சொல் நாபால். 1 சாமுவேல் 25இல் தாவீதின் ஆட்களுக்குச் சாப்பாடு மறுத்த பணக்காரனின் பெயர் அது. படிப்பறிவில்லாதவனை அல்ல, கேட்பாரில்லை என்று நடக்கிறவனைக் குறிக்கிறது. அதே சங்கீதம் நாலாம் வசனத்தில், ஜனத்தை அப்பம்போலத் தின்கிறவர்கள் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறது. அந்த வசனத்தை முழுதாக வாசித்தால், சுட்டுவிரல் கறுப்புச் சட்டையை நோக்கி மட்டும் போகாது.

பாடத்தின் கடைசிப் பக்கக் கேள்வி-பதிலைப் பற்றிப் பொறுமையாகப் பேச முடியவில்லை. "கடவுள் இருந்தால் சுனாமி ஏன்?" என்ற கேள்விக்கு, "மனந்திரும்பாத ஜனங்களுக்கு எச்சரிப்பு" என்று ஒரு வரி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களையும் அந்த அலை கொண்டுபோயிற்று. கடலோரச் சேகரங்களில் அந்த அலையில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று திடப்படுத்தலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கவேண்டுமா? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்விக்கு இல்லை என்று ஆண்டவரே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). யோபின் நண்பர்கள் கொடுத்த விளக்கமும் உங்கள் விளக்கந்தான். அவர்களைப் பார்த்துத்தான் தேவன், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7). நியாயமாய்ப் பேசினான் என்று அவர் சொன்னது, முழுப் புத்தகத்திலும் அவரைக் கேள்வி கேட்டவனை.

மனிதனுக்குச் சுயாதீனம் கொடுத்ததால் தீமைக்கு இடம் வந்தது என்ற வாதம் கொலைக்கும் போருக்கும் பதில் சொல்லும். கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் அதைச் செதுக்கிய பிறகு, கடவுளும் தீமையும் சேர்ந்து இருக்கவே முடியாது என்ற தர்க்கக் குற்றச்சாட்டு வலுவிழந்தது என்று நாத்திகத் தத்துவ அறிஞர்கள் பலரே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் கடலடித் தட்டு நகர்ந்ததற்கு அதைக் கொண்டுவந்து பொருத்தினால் ஒட்டாது. அந்த இடத்தில் ஆசிரியர் செய்யவேண்டியது 88ஆம் சங்கீதத்தைத் திறப்பது. ஆறுதல் இல்லாமலே முடிகிற ஜெபம் அது; அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார் என்று காட்டினால் போதும். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றவரைத்தான் நாம் தேவன் என்கிறோம் என்பதை அதற்கடுத்த வாரம் பேசலாம்.

பதினொன்று ஆதாரத்திலும் இயேசு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பாஸ்கல் இறந்த பிறகு, 1662இல், அவர் சட்டையின் உள்பக்கத்தில் தைத்து வைத்திருந்த தாள் கிடைத்தது. 1654 நவம்பர் 23 இரவு எழுதியது. தத்துவ ஞானிகளின் கடவுள் அல்ல, ஆபிரகாமின், ஈசாக்கின், யாக்கோபின் தேவன் என்று அதில் இருந்தது. அவர் காலத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர், இருந்தும் அப்படி எழுதினார். பவுல் 1 கொரிந்தியர் 15இல், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களாக கேபாவையும் (பேதுரு) பன்னிருவரையும் ஐந்நூற்றுக்கு அதிகமானவர்களையும் சொல்லி, அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார்: போய்க் கேட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எல்லாம் விருதா என்று, தோற்கக்கூடிய இடத்தையும் அவரே காட்டுகிறார். இப்படிச் சோதிக்கக் கொடுக்கிற ஆதாரத்தை விட்டுவிட்டு, சோதித்தால் கரைகிற வாட்ஸ்அப் செய்தியை ஏன் அச்சடிக்கிறோம்?

கேள்வியைத் தனியறைக்கு அனுப்புவது நம் சபையின் மரபும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் பின்னர் வந்த கிருண்ட்லரும், 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிடக் கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கிழித்த கடிதங்களும் அவற்றில் உண்டு. அவற்றை யாரும் ஒளிக்கவில்லை. 1 பேதுரு 3:15 "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்லச் சொல்கிறது, அதுவும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்".

ஆகவே நாங்கள் கேட்பது இவை. ஏழாம் பாடத்தின் முதல் ஆறு ஆதாரங்களையும் கடைசிப் பக்கத்துச் சுனாமி வரியையும் இந்த ஆண்டே திரும்பப் பெறுங்கள். கையேட்டை மறுபடி அச்சடிக்க வேண்டாம், ஒரு தாள் சுற்றறிக்கை போதும். ஆனால் அதில் "தவறு" என்ற சொல் இருக்கவேண்டும். மூன்றாம் பாடமும் ஏழாம் பாடமும் ஒன்றையொன்று வெட்டுவதைச் சரிசெய்யுங்கள். மீதி வாதங்களை ஒரே நாளில் திணிக்காமல் நான்கு வாரமாகப் பிரியுங்கள்: காரணம், ஒழுங்கு, மனச்சாட்சி, நான்காவது வாரம் உயிர்த்தெழுதல். துன்பத்துக்கு அவற்றிலிருந்து தனியாக இன்னும் இரண்டு வாரம். ஒவ்வொரு வகுப்பும் 45 நிமிடம் என்றால் கடைசி 20 நிமிடம் கேள்விக்கு மட்டும். வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி. ஆசிரியருக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல அவருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். சுற்றறிக்கையின் அந்தத் தனியறைப் பிரிவை நீக்குங்கள்.

இனி அச்சாகும் எந்தக் கையேட்டிலும் ஒரு விஞ்ஞானியின் பெயர் வந்தால், யார், எப்போது, எங்கே சொன்னார் என்ற மூன்றும் ஆசிரியர் குறிப்பில் இருக்கவேண்டும். மூன்றும் கிடைக்காத செய்தி அச்சுக்குப் போகக்கூடாது. பார்வையிட ஒரு இயற்பியல் ஆசிரியரும் இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் குழுவில் வேண்டும். இருவரும் நம் திருமண்டலத்திலேயே கிடைப்பார்கள். தேர்வில் "11 ஆதாரங்களை எழுதுக" என்ற வினாவை எடுத்துவிட்டு, "ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு, அது எதுவரை போகும், எங்கே நிற்கும் என்று எழுதுக" என்று போடுங்கள். நாத்திகராக நின்று நன்றாக எழுதிய பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று திருத்துகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்தக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை ஆறாம் பாடம் முடிந்ததும் எட்டாம் பாடத்துக்குப் போகிறோம். ஏழுக்குரிய வாரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் விளக்கும் கேள்விப் பெட்டியும் மேசைமேல் இருக்கும். குழுவில் யாராவது வந்து உட்கார விரும்பினால் பின் பெஞ்சில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்